பாவை விரிக்கும் சொட்டு மருந்து

ரமலான் மாதம் வந்துவிட்டால் பள்ளிவாசல் இமாம்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, "கண்ணில் சொட்டு மருந்து விட்டால் நோன்பு முறியுமா?" என்பது. முறியாது என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் தீர்ப்பு. மருந்தின் கசப்பு தொண்டையில் உணரப்பட்டாலும் முறியாது என்று ஹனஃபி சட்ட நூல்கள் தெளிவாகவே கூறுகின்றன. தொண்டையை எட்டிவிட்டால் முறியும் என்பது மாலிகி, ஹன்பலி அறிஞர்களின் கருத்து. தீர்ப்பில் வேற்றுமை இருக்கலாம். ஆனால், கண்ணில் விட்டது தொண்டைக்கு வந்து சேர்கிறது என்பதை நம் முன்னோர்களான சட்ட மேதைகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள்.

நோன்பைப் பற்றிய அந்த விவாதத்தை இங்கே நாம் தொடரப் போவதில்லை. அந்தக் கசப்பு எந்த வழியாக வருகிறது, வந்த பின் உடலில் எங்கே போகிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம். கண் அறுவைச் சிகிச்சைக்காகக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் ஒவ்வோர் அத்தாவும் அம்மாவும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அதில் அடங்கியிருக்கிறது.

கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டினாற்போல், மேலிமையிலும் கீழிமையிலும் ஊசிமுனை அளவில் ஒவ்வொரு துவாரம் உண்டு. கண்ணீர் அதன் வழியே மெல்லிய குழாயில் இறங்கி மூக்கினுள் வடிகிறது. அழும் குழந்தைக்கு மூக்கும் சேர்ந்து ஒழுகுவது இதனால்தான். கண்ணில் விடும் மருந்தும் இதே பாதையில்தான் இறங்குகிறது. மூக்கின் உட்சவ்வோ நுண்ணிய ரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் இடம். அங்கே படியும் மருந்து நேராக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. வாய்வழியே உட்கொள்ளும் மருந்து முதலில் கல்லீரலுக்குச் சென்று, ஓரளவு வலுவிழந்த பிறகே உடலெங்கும் பரவும். மூக்கு வழிக்கு அந்தக் காவல் கிடையாது.

ஒரு துளி என்பது ஏறத்தாழ ஒரு மில்லி லிட்டரில் 20இல் ஒரு பங்கு. இமைகளுக்குள் தங்கக்கூடியதோ அதைவிடக் குறைவு. எஞ்சியது கன்னத்தில் வழிய வேண்டும். இல்லையேல் குழாயில் இறங்க வேண்டும். குழந்தைக்கென்று துளி சிறுத்து விழுவதில்லை என்பதை இங்கே நினைவில் இருத்துங்கள். 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு விழும் அதே துளிதான் 3 கிலோ எடையுள்ள பச்சிளம் சிசுவின் கண்ணிலும் விழுகிறது. பெரியவரின் உடலில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். அந்தச் சிசுவின் உடலிலோ ஒரு தம்ளர் அளவு, ஏறக்குறைய 250 மில்லி. "ஊசியா, மாத்திரையா, வெறும் சொட்டு மருந்துதானே!" என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதற்கு இந்தக் கணக்கே பதில்.

இனி, பாவையை ஏன் விரிக்க வேண்டும் என்பதற்கு வருவோம். கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரியும் வட்டத்தைப் பாவை என்றும், பேச்சு வழக்கில் கண்பாப்பா என்றும் சொல்கிறோம். உண்மையில் அது ஒரு சாளரம். அதைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையம் வெளிச்சத்தில் சுருங்கியும் இருளில் விரிந்தும் அந்தச் சாளரத்தைத் திறந்து மூடுகிறது. கண்புரை படரும் லென்ஸ் இருப்பது இந்த வளையத்துக்குப் பின்னால். சாளரம் அகலத் திறந்திருந்தால்தான் மருத்துவரால் புரையை முழுமையாக அகற்ற இயலும். அறுவையின்போது கருவி பட்டதும் பாவை சுருங்க முற்படும். அதையும் தடுத்தாக வேண்டும். ஆகவே அறுவைக்கு முன் சற்று இடைவெளி விட்டு, திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து விடுகிறார்கள். இது தவிர்க்கக்கூடிய சடங்கு அன்று, சிகிச்சையின் முதற்படி.

வெளிச்சம் பட்டால் பாவை சுருங்கும் என்பதை அபூபக்ர் அர்-ராஸி எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி எகிப்தில் மருத்துவம் புரிந்த அம்மார் இப்னு அலீ அல்-மவ்ஸிலீ, உள்ளே துளையுள்ள ஊசியைக் கண்ணில் செலுத்திப் புரையை உறிஞ்சியெடுக்கும் முறையை விவரித்திருக்கிறார். இன்றைய மருத்துவமனைகளில் குழந்தைகளின் மென்மையான புரையை உறிஞ்சித்தான் எடுக்கிறார்கள் என்பதை அறியும்போது நமக்குப் பெருமிதம் ஏற்படுவது இயல்பே. ஆனால் பெருமிதத்தோடு நின்றுவிட்டால் பயனில்லை. அவர்கள் உற்றுக் கவனித்ததைப் போல நாமும் கவனிக்க வேண்டும்.

பாவையை விரிக்கும் மருந்துகள் இரு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று, பாவையைச் சுருக்கும் தசையை அசையாமல் கட்டிப்போடுவது. டிராபிகமைடு, சைக்ளோபென்டோலேட், ஹோமட்ரோபின், அட்ரோபின் ஆகியவை இவ்வகை. மற்றொன்று, விரிக்கும் தசையைத் தூண்டிவிடுவது. ஃபினைலெஃப்ரின் இவ்வகை.

முதல் குடும்பத்தின் குணத்தைத் திண்டுக்கல் சமவெளியில் வாழ்பவர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வத்தலக்குண்டு சாலையோரத்திலும் வேடசந்தூர்ப் பக்கத்துத் தரிசு நிலங்களிலும் ஊமத்தஞ்செடி தானாக முளைத்துக் கிடக்கிறது. அதன் காயைத் தெரியாமல் தின்றுவிட்ட பிள்ளை என்ன ஆகும் என்று கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முகம் சிவக்கும், வாய் உலரும், உடம்பு அனலாய்க் கொதிக்கும், கண்பாப்பா அகன்று நிற்கும், பிள்ளை சம்பந்தமில்லாமல் பிதற்றும் என்று சொல்வார்கள். அட்ரோபின் குடும்பத்துச் சொட்டு மருந்து அளவு மீறினால் தோன்றும் அறிகுறிகளும் அட்சரம் பிசகாமல் இவைதாம். ஊமத்தையில் உள்ள நச்சுப் பொருளும் இம்மருந்தும் ஒரே இனம். சைக்ளோபென்டோலேட் கொடுக்கப்பட்ட குழந்தை சில வேளைகளில் தள்ளாடும், இல்லாததைப் பார்ப்பது போல் நடந்துகொள்ளும். அரிதாக வலிப்பும் வரும். குறைமாதச் சிசுக்களுக்கு வயிறு உப்பிப் பால் செரிக்காமல் போவதுண்டு. எனவேதான் சிசுக்களுக்கு இதைப் போட்ட பின் அரைமணி நேரமாவது கண்காணிக்க வேண்டும் என்றும், 4 மணி நேரம் பால் கொடுப்பதைத் தள்ளிவைக்க வேண்டும் என்றும் மருந்து தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். "பிள்ளை பசியால் அழுகிறதே" என்று மனமிரங்கித் தாதிக்குத் தெரியாமல் பால் புகட்டும் நன்னிமார் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் குடும்பத்தின் ஃபினைலெஃப்ரின் வேறு வகையானது. அது ரத்தக் குழாய்களை இறுக்கும். கண்ணில் இறுக்கினால் நன்மை. உடல் முழுதும் இறுக்கினால் ரத்த அழுத்தம் விர்ரென்று ஏறும், இதயம் திணறும். இதன் வலிமை 2.5 சதவீதம், 5 சதவீதம், 10 சதவீதம் என்று பலவாறு கிடைக்கிறது. 10 சதவீத மருந்தில் ஒரு துளிக்குச் சுமார் 5 மில்லிகிராம் அடங்கியிருக்கிறது. அறுவை அரங்கில் வளர்ந்த ஒருவருக்கு ரத்த அழுத்தம் சரிந்தால், இதே மருந்தை நரம்பூசியில் ஒரு தடவைக்கு 0.1 மில்லிகிராம் அளவில்தான் கொடுப்பார்கள். அதாவது அந்த ஒரு துளியில் இருப்பது, பெரியவருக்கு ஊசி வழியே தரப்படுவதைப் போல் 50 மடங்கு! துளி முழுவதும் ரத்தத்தில் சேர்வதில்லை என்பதால்தான் பெரும்பாலோர் தப்பிக்கிறார்கள். சேர்ந்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 10 சதவீத மருந்தைத் தொடர்ந்து மாரடைப்பு முதலிய விபரீதங்களுக்கு உள்ளான 33 பேரைப் பற்றி 1978ஆம் ஆண்டிலேயே ஓர் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் எழுதியது. அவர்களுள் பெரும்பாலோர் பெரியவர்கள், உயிரிழந்தவர்களும் உண்டு. 2013இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு முறைப்படி அனுமதி வழங்கியபோது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 10 சதவீதம் கூடவே கூடாது, 2.5 சதவீதமே வேண்டும் என்று விதித்தது.

நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளில் பரவலாகக் காணப்படும் குப்பி, டிராபிகமைடு 0.8 சதவீதமும் ஃபினைலெஃப்ரின் 5 சதவீதமும் கலந்தது. பெரியவர்களுக்கு அது சரி. குறைமாதச் சிசுவுக்கு அதை அப்படியே பயன்படுத்தாமல், பாதியாக நீர்த்துப் பயன்படுத்துவது பொறுப்புள்ள மருத்துவர்களின் வழக்கம்.

இங்கே நம் பிள்ளைகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெளிர்நிறக் கண்ணில் இம்மருந்து விரைவில் வேலை செய்துவிடும். நம்மவரின் கண் கறுத்தது. வளையத்திலுள்ள கருநிறப் பொருள் மருந்தைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்கிறது. பாவை விரியத் தாமதமாகிறது. "இன்னும் விரியவில்லையே, இன்னொரு சொட்டு விடுங்கள்" என்று சொல்லத் தோன்றும் இடம் இதுதான். பத்து நிமிடம் பொறுத்திருந்தால் விரிந்திருக்கக்கூடிய பாவைக்கு மூன்றாவது, நான்காவது துளி விழுகிறது. காத்திருக்கும் பொறுமைதான் இங்கே கலப்படமற்ற மருந்து.

இச்சிக்கல் மிகக் கூர்மையாக வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதை நம் அண்டை நகரான மதுரையிலிருந்தே எடுத்துக்காட்டலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976இல் 11 படுக்கைகளுடன் அங்கே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2010இல் திண்டுக்கல்லிலும் கிளை கண்டது. அந்த மதுரை மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளிடையே கண்புரையின் காரணத்தை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1996இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வெளியாயிற்று. டாக்டர் பி. விஜயலட்சுமி அவர்களும் ஆங்கில மருத்துவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு அது. காயத்தால் அல்லாமல் புரை வந்த 366 குழந்தைகளுள் 25 சதவீதத்தினருக்குப் பரம்பரையும், 15 சதவீதத்தினருக்குத் தாய் கருவுற்றிருந்தபோது கண்ட ரூபெல்லா எனும் அம்மை நோயும் காரணம் என்று தெரிந்தது. ஒரு வயதுக்குட்பட்டோரை மட்டும் எடுத்துக்கொண்டால், ரூபெல்லாவின் பங்கு நான்கில் ஒன்று!

ரூபெல்லாவால் புரை வந்த குழந்தையின் பாவை எளிதில் விரியாது. விரிக்கும் தசையே அதற்குச் சரியாக வளர்ந்திருப்பதில்லை. அதே நோய் இதயத்தையும் விட்டுவைப்பதில்லை. மூடியிருக்க வேண்டிய ரத்தக் குழாய் மூடாமலோ, நுரையீரலுக்குச் செல்லும் பாதை குறுகியோ இருக்கும். எடையும் குறைவாகவே இருக்கும். அதாவது எந்தக் குழந்தைக்கு அதிகச் சொட்டு விடும் ஆசை எழுமோ, அந்தக் குழந்தைக்குத்தான் அதிகச் சொட்டைத் தாங்கும் இதயம் இல்லை. பிறவிக் கண்புரையுள்ள குழந்தைக்கு அறுவைக்கு முன் இதயப் பரிசோதனை செய்யச் சொன்னால், "கண்ணுக்கு வந்தவர்களை எங்கெல்லாமோ அலைய விடுகிறார்களே" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அலைச்சலுக்குப் பொருள் உண்டு.

பெற்றோர் பலரும் ஒன்றை அறிவதில்லை. அறுவை அரங்கில் உங்கள் குழந்தையைக் கவனிப்பவர் ஒருவரல்லர், இருவர். கண்ணைக் கவனிப்பவர் அறுவை மருத்துவர். உயிரைக் கவனிப்பவர் மயக்க மருந்து நிபுணர். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முழு மயக்கத்தில்தான் கண் அறுவை நடைபெறும். மயங்கிக் கிடக்கும் குழந்தை "தலை வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது" என்று சொல்லாது. திரையில் ஓடும் எண்கள்தாம் அதன் வாய்மொழி. கண் கீறப்பட்ட பின் அங்கே ரத்தம் கசியுமாதலால், அப்போது விடும் துளி இன்னும் விரைவாக உடலுக்குள் போகும். என்ன மருந்து, எத்தனை சதவீதம், எத்தனை துளி என்பதை அறுவை மருத்துவர் மயக்க மருந்து நிபுணருக்குச் சொல்லியிருக்க வேண்டும். திடீரென்று அழுத்தம் ஏறும்போது அதன் காரணத்தை அவர் உடனே ஊகிக்க இது உதவும்.

ஊகிக்கத் தவறினால் என்னவாகும்? நியூயார்க் மாநிலத்தில், மூக்கு தொண்டைப் பகுதி அறுவையின்போது இதே ஃபினைலெஃப்ரின் மருந்து உட்சவ்வில் தடவப்பட்ட ஒரு சிறு குழந்தை உயிரிழந்தது. அதன் பின் நிபுணர் குழு அமைக்கப்பட்டு, அக்குழுவின் விதிமுறைகள் 2000ஆம் ஆண்டு மயக்க மருந்தியல் இதழில் வெளியாயின. 25 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்கு, அறுவை அரங்கில் உட்சவ்வின் மீது இடப்படும் முதல் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று அக்குழு வரையறுத்தது. அதைவிட முக்கியமான பாடம் மற்றொன்று. மருந்தால் ஏறிய அழுத்தம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானே இறங்கிவிடும். பதற்றப்பட்டு இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பீட்டா தடுப்பு மருந்தைச் செலுத்தினால், இறுகிய குழாய்களை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளும் சக்தியை இதயம் இழக்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முதல் விபத்தைவிட, அதற்குச் செய்யும் அவசர வைத்தியமே பெரும் விபத்தாகிவிடும்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் அறுவையே வேண்டாம்" என்று யாரேனும் முடிவுக்கு வருவீர்களாயின், இக்கட்டுரையை எழுதாமல் இருந்திருப்பதே மேல். கடுமையான விளைவுகள் அரிதானவை. அறுவையைத் தள்ளிப்போடுவதால் வரும் குருட்டுத்தன்மையோ உறுதியானது. பிறவிக் கண்புரை அடர்ந்திருந்தால், குழந்தை பிறந்து 6 முதல் 8 வாரத்துக்குள் அகற்றிவிட வேண்டும். பார்வையைக் கற்றுக்கொள்ளும் பருவத்தை மூளை கடந்துவிட்டால், பின்னர் எத்தனை தெளிவான லென்ஸ் வைத்தாலும் பயன் சொற்பமே.

இங்கேதான் நம் வீட்டு வழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. "நாற்பது நாள் கழியட்டும், பிறகு தூக்கிப் போவோம்" என்பார்கள். நாற்பது நாள் என்பது ஏறக்குறைய 6 வாரம்! பேகம்பூரிலிருந்தோ நாகல் நகரிலிருந்தோ மருத்துவமனைக்குச் செல்வது சில நிமிடப் பயணம். மதுரைக்கே போக வேண்டியிருந்தாலும் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். பிரசவத் தீட்டின் காலத்தைப் பற்றிய சட்டம் தாயின் தொழுகைக்கும் நோன்புக்கும் உரியது. நோயுற்ற சிசுவை மருத்துவரிடம் காட்டக்கூடாது என்று மார்க்கம் எங்கும் தடுக்கவில்லை. நோய்க்குச் சிகிச்சை தேடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். சிசுவின் கண்பாப்பாவில் வெண்மை தெரிந்தால் அன்றே புறப்படுங்கள். அது புரையாக இருக்கலாம். உயிரையே பறிக்கும் விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். பாவையை விரித்துப் பார்த்தாலொழிய எவராலும் பிரித்தறிய இயலாது.

குறைமாதச் சிசுக்களுக்கு நாள் இன்னும் குறைவு. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு, பிறந்து 30 நாளுக்குள் பாவையை விரித்து விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவர்களின் விதி. அதைச் செய்யாததன் விலையைத் தமிழகம் அறியும். 1996ஆம் ஆண்டு சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில், 1250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. விழித்திரைப் பரிசோதனை வேண்டும் என்று பெற்றோருக்கு எவரும் சொல்லவில்லை. சில மாதங்களில் குழந்தை பார்வையை முற்றிலும் இழந்தது. தந்தை தளராமல் வழக்காடினார். 2015ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. 19 ஆண்டுகள் கழித்துப் பணம் வந்தது, பார்வை வரவில்லை. நீர்த்த சொட்டு மருந்தும் சில நிமிடப் பரிசோதனையும் உரிய நாளில் கிடைத்திருந்தால், பார்வையைக் காக்க வழி பிறந்திருக்கும்.

ஆகவே அஞ்சுவதைவிடக் கேட்பது மேல். மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் கருதுகிறோம். பணிவாகக் கேட்டால் நல்ல மருத்துவர் எவரும் கோபிக்க மாட்டார். "டாக்டர், பிள்ளைக்கு விடும் சொட்டு மருந்தின் பெயர் என்ன? எத்தனை சதவீதம்? எத்தனை முறை விடுவீர்கள்?" இவ்வளவு போதும். நீங்களாகவே சொல்ல வேண்டியவையும் உண்டு. பிள்ளையின் இன்றைய எடை என்ன, எத்தனையாவது மாதத்தில் பிறந்தது, இதயத்தில் ஓட்டையோ முணுமுணுப்போ இருப்பதாக எவரேனும் சொன்னார்களா, வலிப்பு வந்ததுண்டா, டவுன் குறைபாடு உள்ளதா, முன்பு சொட்டு விட்டபோது முகம் சிவந்து காய்ச்சல் வந்ததா, வேறு என்ன மருந்து உட்கொள்கிறது? டவுன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அட்ரோபின் சிறிதளவே கடுமையாக வேலை செய்யும். மூன்று மாதத்துக்கு முன் பார்த்த எடையைச் சொல்லாதீர்கள். புறப்படும் அன்று நிறுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அறுவைக்கு முந்திய நாள் கண்ணுக்குச் சுர்மா இடுவது வேண்டாம். சுர்மாவை விரும்பும் சமுதாயம் நம்முடையது என்பதை அறிவோம். ஆனால் இன்று கடைகளில் சுர்மா என்று விற்கப்படுபவற்றுள் பல, ஈயம் கலந்த கல்லை அரைத்த தூள். ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. அறுவைக்கு முன் என்று மட்டுமன்று, குழந்தையின் கண்ணுக்கு அது எந்நாளும் வேண்டா. தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சுவதும் அவ்வாறே.

சொட்டு விடும் பொறுப்பு வீட்டிலும் தொடர்கிறது. கண்ணாடிக்குப் பவர் பார்ப்பதற்காகச் சிறு பிள்ளைகளுக்கு மூன்று நாள் அட்ரோபின் களிம்பு இடச்சொல்லி அனுப்புவதுண்டு. புரை அறுவைக்குப் பின் சில வாரங்கள் ஹோமட்ரோபினோ அட்ரோபினோ எழுதிக் கொடுப்பதுண்டு. விடும் முறை எளிது. கையைக் கழுவிக்கொள்ளுங்கள். பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, கீழிமையைச் சற்றே இழுத்து, ஒரே ஒரு துளி விடுங்கள். உடனே கண்ணின் உள்மூலையை, மூக்கின் எலும்போடு சேர்த்து, விரல் நுனியால் மென்மையாக அழுத்தி இரண்டு மூன்று நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். நாம் முதலில் கண்ட அந்தக் குழாயின் வாசல் அதனால் அடைபடும். அறுவை செய்த கண்ணாயின், இவ்வாறு அழுத்தலாமா என்பதை மருத்துவமனையிலேயே தாதியிடம் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். கன்னத்தில் வழிந்ததைச் சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். பிள்ளை கையால் துடைத்து வாயில் வைத்துக்கொண்டால் அதுவும் உள்ளே போகும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டு துளியாக ஈடுகட்ட வேண்டாம்.

மருந்து விட்ட பின் பிள்ளையின் முகம் சிவந்து, உடம்பு சுட்டு, வாய் உலர்ந்து, பிதற்றினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு கிடந்தாலோ, அடுத்த துளியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். "அறுவை செய்ததால் வந்த காய்ச்சல்" என்று போர்வையைப் போர்த்தாதீர்கள். அட்ரோபின் வியர்வையை நிறுத்திவிடும்; சித்திரை வெயிலில் திண்டுக்கல் காயும்போது போர்வை சூட்டை ஏற்றவே செய்யும். போகும்போது மருந்துக் குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.

1 சதவீத அட்ரோபின் குப்பி ஒன்றில் 5 மில்லி இருந்தால், அதில் அடங்கியிருக்கும் மருந்து 50 மில்லிகிராம். சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய அளவென மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகக் குறித்து வருவது 10 மில்லிகிராம். அதாவது ஒரு மில்லி, 20 துளி! அறுவை அரங்கைவிட, குப்பியைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மீது வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போகும் வீடு ஆபத்தானது என்று இக்கட்டுரையாளர் கருதுவதற்கு இதுவே காரணம். தம்பியின் கண் மருந்தை அக்காள் பொம்மைக்கு விட்டு விளையாடுவாள். கடைக்குட்டி வாயில் வைத்து உறிஞ்சுவான். பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர்க்காரர்களுக்கு, மருந்து அலமாரியைப் பூட்டி வைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அட்ரோபின் நிறுத்திய பின்னும் பாவை ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை விரிந்தே நிற்கும். ஹோமட்ரோபினுக்கு ஒன்று முதல் மூன்று நாள். அதுவரை வெளிச்சம் கண்ணைக் கூசும், அருகிலுள்ள எழுத்து மங்கலாகத் தெரியும். மதரஸாவுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகும் பிள்ளையாயின், உஸ்தாதுக்கும் ஆசிரியருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். ஓதவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். இரு கண்களுள் ஒன்றுக்கு மட்டும் மருந்து விட்டிருந்தால், ஒரு பாவை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரியும். வேறு காரணத்துக்காக வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், முதலில் அவரிடம் இதைத் தெரிவியுங்கள். மருந்தை நிறுத்தச் சொன்ன நாளை மருத்துவமனைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, மீதியுள்ள குப்பியை அடுத்த பிள்ளைக்கு உதவும் என்று எடுத்து வைக்காமல் அங்கேயே ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.